பெயிண்டைக் கோடைக்கு விடுங்கள்

கேள்வி: ஐயா, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2018 கஜா புயலில் எங்கள் ஓட்டு வீட்டின் கூரை போய்விட்டது. அன்றிலிருந்து சேர்த்த பணத்தில் 900 சதுர அடியில் ஒற்றைத் தளமாக வீடு கட்டுகிறோம். ஒப்பந்தக்காரர் இல்லை. ஊர்க் கொத்தனாரை வைத்து நாங்களே ஆள் விட்டுச் செய்கிறோம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நானும் மாமியாரும்தான் நின்று பார்த்துக்கொள்கிறோம். ஆவணியில் கூரை கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பிரித்தாயிற்று. தை கடைசியில் புதுமனை புகுவிழா. கையில் ஆறு லட்சம் இருக்கிறது. உடனே பூசிவிடலாம், பூசிய பத்தாம் நாள் புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார்கள். கணவர் கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டும் என்கிறார். மாமியார் கிரானைட் தரை கேட்கிறார், கூடத்தில் ஓர் ஊஞ்சலும் கேட்கிறார். புயலில் விழுந்த எங்கள் பலாமரத்தை அறுத்துப் பலகைகளாக அடுக்கி வைத்திருக்கிறோம்; உள்கதவுகளுக்கு ஆகுமா? எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் ஐப்பசி முதல் வாரத்தில் கைக்கு வந்தது. தை கடைசிக்கு இன்னும் நூறு நாள் சொச்சம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலம். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதத்தில் பெய்கிறது. உங்களைப் போன்ற கடலோர வட்டாரங்களில் அதைவிடவும் கூடுதல். உங்கள் சுவர்கள் பூசப்படப்போவதும் காயப்போவதும் அந்த ஈரக்காற்றில்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடிபோகும் நாளை மாற்ற வேண்டாம். பெயிண்டை மட்டும் அந்த நாளோடு முடிச்சுப் போடாதீர்கள். அது சித்திரை, வைகாசி வெயிலுக்கு உரிய வேலை.

பத்தாம் நாள் புட்டி வைக்கலாம் என்று சொன்னவர் உங்களை ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கும். ஆனால் பூச்சில் கலந்த தண்ணீர், நீராற்றும்போது ஊற்றிய தண்ணீர், கூரை போடும்போது சுவரில் இறங்கிய தண்ணீர் எல்லாம் இன்னும் உள்ளே இருக்கும். அது வெளியேற வேண்டுமானால் சுவரின் மேற்பரப்பு வழியாகத்தான் வர வேண்டும். வரும்போது செங்கல்லிலும் கலவையிலும் உள்ள உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. மேலே புட்டியும் பெயிண்டும் வழியை அடைத்திருந்தால் அந்த உப்பு அடியிலேயே பூத்து, பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

இதை என் சொந்த வீட்டில் பார்த்தவன் நான். தங்கையின் திருமணத்துக்காகக் கார்த்திகையில் பூசி, தையில் பெயிண்ட் அடித்தோம். மணவீடு பளபளவென்று இருந்தது. ஆடியில் பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னால் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை உப்பு. விரலால் தொட்டதும் பெயிண்ட், ஆறிய பாலின் ஆடையைப் போலச் சுருண்டு வந்தது. அந்த அறையைச் சுரண்டி மறுபடி அடிக்க, முதலில் ஆனதைவிட அதிகம் செலவானது.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஓரடிச் சதுரமான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் போகாமல் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அல்லது அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தால், சுவர் இன்னும் ஈரம் கக்குகிறது என்று பொருள். ஒவ்வோர் அறையிலும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்று, ஆள் உயரத்தில் ஒன்று என ஒட்டிப் பாருங்கள். நீராற்றி முடித்தபின் குறைந்தது 28 நாள் கழியாமல் இந்தச் சோதனையைக்கூடத் தொடங்க வேண்டாம். மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகும்.

விழா நாளுக்கு வீடு வெளுப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அதற்கு வெள்ளை சிமென்ட் இரண்டு கை அடித்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு, சுவர் மூச்சு விடும், கோடையில் அதன் மேலேயே புட்டியும் பிரைமரும் ஏற்றலாம். சுண்ணாம்பு அடித்தால் அதன் மேல் புட்டி பிடிக்காது. முழுவதையும் சுரண்ட வேண்டி வரும்.

இனி வேலையின் வரிசை. நீங்கள் உள்வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்; நான் கூரையின் மேலிருந்து தொடங்குகிறேன். கான்கிரீட் போட்டதோடு கூரை நின்றிருக்கிறது என்றால், முதல் செலவு அங்கேதான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிக்கும் பழைய முறையோ, இப்போது வரும் வெள்ளைக் குளிர் ஓடுகளோ, எதுவானாலும் சரி, மழைநீர் நிற்காமல் குழாய்வாய்க்கு ஓடும்படி வாட்டம் கொடுத்துச் செய்யுங்கள். ஐப்பசியில் நான்கு நாள் மழை விட்ட இடைவெளி கிடைத்தால் அதை இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். தலைக்கு மேல் நனைந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் பூசுவதில் பயனில்லை. சன்னல்களுக்கு இன்னும் கதவு வரவில்லை என்றால் தார்ப்பாயையாவது கட்டிவிடுங்கள்.

அடுத்தது சுவருக்குள் மறையப்போகிறவை: மின்குழாய், தண்ணீர்க்குழாய். பணத்தைச் சுருக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான். கதவைப் பிறகு மாற்றலாம், தரையைக்கூடப் பிறகு மாற்றலாம். சுவருக்குள் போன குழாயை மாற்ற வேண்டுமானால் மறுபடி சுவரைக் கொத்த வேண்டும்.

மின்சார வேலைக்கு முன் நீங்களும் மாமியாரும் கையில் சாக்பீஸோடு வெற்றுச் சுவருக்குள் ஒரு நாள் நடந்து பாருங்கள். கட்டில் எங்கே, பீரோ எங்கே, தையல் இயந்திரம் எங்கே, மிக்சி எங்கே, கிரைண்டர் எங்கே என்று சுவரிலேயே வரைந்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் சுவிட்சு கதவுக்குப் பின்னாலும், பிளக் பீரோவுக்குப் பின்னாலும் போய்விடுவது இந்த ஒரு நாளை மிச்சம் பிடிப்பதால்தான். விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஒன்றரை, பிளக்குகளுக்கு இரண்டரை, ஏசிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பி என்பது கணக்கு. எல்லாப் பிளக்குக்கும் பச்சைக் கம்பி, அதாவது எர்த், போக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மீட்டரை அடுத்து 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்டு மின்கசிவு ஏற்பட்டால், கண் இமைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். குழாய் புதைக்கச் சுவரில் காடி வெட்டும்போது தூண்களையும் உத்தரங்களையும் தொடக் கூடாது. சுவரிலும் குறுக்காக நீளக் காடி வெட்டாமல் மேலிருந்து கீழாகக் கொண்டுவரட்டும்.

தண்ணீர்க்குழாயில் வெந்நீர் போகும் வழிக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. குழாய்தான். பொருத்தியதும் வாய்களை அடைத்து, கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு அப்படியே விடச் சொல்லுங்கள். காலையில் பம்பின் அழுத்தமானி முள் இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது. பூசுவதற்கு முன் தெரிந்தால் அரை மணி நேர வேலை.

குழாய்கள் பொருத்தி முடிந்த அன்று, கொத்தனார் கரண்டியைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படம் எடுங்கள். சுவரில் அளவு நாடாவை ஒட்டவைத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் குழாய் எத்தனை அடியில் போகிறது என்று எண் தெரியும்படி எடுங்கள். கணவருக்கும் அனுப்பிவிடுங்கள், இரண்டு இடத்தில் இருக்கட்டும். பத்து வருடம் கழித்து ஓர் அலமாரிக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

இப்போது பூச்சுக்கு வருகிறேன். கல்லை உடைத்துச் செய்யும் மணலில் எம்.சாண்ட் கான்கிரீட்டுக்கு, அதைவிட நைசான பி.சாண்ட் பூச்சுக்கு. உள்சுவருக்குச் சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு போதும். கூரையின் அடிப்பக்கத்துக்கு மணல் மூன்று அல்லது நான்கு பங்கு, கனம் ஆறு மில்லிமீட்டர்தான். அதைத் தடிமனாகப் பூசினால் பாளமாக விழும். தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டிலும், குழாய் புதைத்த காடியின் மேலும் கோழிவலை அடித்துப் பூச வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குள் அந்தக் கோட்டில் மயிரிழை வெடிப்பு ஓடும். வழவழப்பான கான்கிரீட் முகத்தை முதலில் கொத்திவிட்டுப் பூசுகிறார்களா என்று பாருங்கள்.

நீங்கள் நின்று பார்க்க வேண்டிய நேரம் மாலை நான்கு மணி. மழைக்காலத்தில் பூச்சு இறுகத் தாமதமாகும். ஆட்களுக்கோ வீடு திரும்பும் நேரம். அப்போது ஈரத்தை உறிஞ்சுவதற்காகத் தூள் சிமென்டை அள்ளிச் சுவரில் தூவி மட்டப்பலகையால் தேய்ப்பார்கள். பார்க்க வழவழவென்று அழகாக வரும். பிறகு சுவர் முழுக்கச் சிலந்தி வலை போல வெடிக்கும். அதைச் செய்ய வேண்டாம் என்று காலையிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குழைத்த கலவை அரை மணி நேரத்துக்குள் சுவருக்குப் போய்விட வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து, இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறினால் அந்தக் கலவைக்கு வலு இருக்காது.

உவர்ப்புத் தண்ணீர் பற்றி நீங்களே எழுதியது நல்லதாயிற்று. மேலே சொன்ன உப்பை நாமே சுவருக்குள் ஊற்றுவது போன்றது அது. குடிக்கத் தகுந்த தண்ணீர் கலவைக்கும் தகும் என்பது எளிய விதி. கலவைக்கு லாரித் தண்ணீரோ ஊர்க்குழாய்த் தண்ணீரோ வாங்குங்கள். நீராற்றவும் முடிந்தவரை அதுவே. ஏழு நாள், காலையும் மாலையும் சுவர் நனைய வேண்டும். மழை பெய்கிறதே என்று உள்சுவரை விட்டுவிடாதீர்கள், அங்கே மழை படுவதில்லை. நல்ல மழை பெய்யும்போது தார்ப்பாயில் ஏந்தி டிரம்மில் பிடித்துக்கொண்டால் அதைவிடச் சிறந்த நீர் கிடையாது.

குளியலறையைப் பலர் கீழே வீடு இல்லையே என்று அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். தரைத்தளத்தில் கசியும் நீர் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஏறும். தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் வளைவாக உருட்டி, நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கை, சுவரில் ஓரடி உயரம் வரைக்கும் குளிக்கும் பக்கம் ஆளுயரத்துக்கும் ஏற்றச் சொல்லுங்கள். அது காய்ந்ததும் வடிகால் வாயைத் துணி சுற்றி அடைத்து, நான்கு விரல் உயரத்துக்கு நீர் நிறுத்துங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் கழித்து அந்தக் கோட்டைப் பாருங்கள். பின்புறச் சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கோடு கணிசமாக இறங்கியிருந்தாலோ சுவர் சில்லென்று இருந்தாலோ டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். தரை வாட்டம் நான்கடிக்கு அரை அங்குலம். உங்கள் மாமியாருக்கு வயதாகிறது என்பதால் வழுக்காத டைல்ஸ், மேற்கத்தியக் கழிப்பிடம், அதன் பக்கத்தில் பிடித்து எழ ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி வரும் இடத்தில் செங்கல் உறுதியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர்களே அடைத்துக் கிடப்பார்கள். குளியலறைக்கு மரக்கதவு வேண்டாம், பி.வி.சி. போதும்.

கிரானைட் தரை கேட்கிறார் மாமியார். அவர் மனத்தை நோகடிக்காமல் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்று: மெருகேற்றிய கிரானைட்டில் ஈரம் பட்டால் காலை வாரிவிடும், ஆறு லட்சத்தில் அது ஒரு பெரும் பங்கைத் தின்றும் விடும். அறைகளுக்கு மெருகில்லாத விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கூடத்துக்கு அழகு வேண்டுமென்றால் ஒருமுறை அவரை ஆத்தங்குடிக்கு அழைத்துப் போங்கள், காரைக்குடிக்குப் பக்கம்தான். கண்ணாடிப் பலகை மேல் சாயத்தை ஊற்றி, மணலும் சிமென்டும் நிரப்பி, சூளையில் சுடாமல் வெயிலில் காயவைத்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. துடைக்கத் துடைக்க மெருகு கூடும். ஆனால் அமிலம் கலந்த தரைத் திரவம் ஆகாது, பதிக்கவும் அந்தக் கல்லில் பழகிய ஆள் வேண்டும். கூடத்துக்கு மட்டும் அதைப் போட்டால் கிரானைட்டை மறந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

உள்ளளவு 720 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் 180 வேண்டும். வெட்டிலும் உடைவிலும் போவதற்காகப் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக, எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி எண் இருக்கும்படி ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த தொகுதியில் நிறம் ஒரு சாயல் மாறும். சுவருக்குப் போடும் செராமிக் டைல்ஸைச் சிமென்டில் ஒட்டுவதாக இருந்தால், தண்ணீர்த் தொட்டியில் குமிழி வருவது நிற்கும்வரை ஊறவைக்க வேண்டும். விட்ரிஃபைட் நீர் குடிக்காது என்பதால் சுவரில் அதைச் சிமென்ட் பாலில் ஒட்டினால் ஒருநாள் கழன்று விழும். அதற்கு டைல்ஸ் பசைதான். பதித்து முடிந்தபின் ஒவ்வொன்றையும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். ‘டொக்’ என்று வெற்றொலி கேட்கும் இடங்களில் குறி போட்டு, ஆட்கள் கிளம்பும் முன் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

சமையலறை மேடை உயரத்தைக் கொத்தனார் வழக்கமாக 32 அங்குலம் என்று வைத்துவிடுவார். அதில் நாள்தோறும் நிற்கப்போவது நீங்கள். முழங்கையை மடித்து நின்று, முழங்கைக்கு ஆறு அங்குலம் கீழே சுவரில் கோடு போடுங்கள். அதுதான் உங்கள் மேடை. கீழே கடப்பைக் கல் தட்டுகள் வைத்துக் கட்டிவிட்டால் இப்போதைக்குக் கதவு இல்லாமலே பாத்திரம் அடுக்கலாம். மரவேலையைப் பணம் வந்தபின் பார்க்கலாம். அப்போது பிளைவுட் வாங்கினால் பலகையில் நீர் தாங்கும் வகைக்கான தர எண் ஐ.எஸ். 710 அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 303 என்றிருப்பதில் எம்.ஆர். வகை, அதாவது ஈரக்காற்றை மட்டும் தாங்குவது, படுக்கையறைக்குச் சரி, தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஆகாது.

உங்கள் பலாப் பலகையைப் பற்றிப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். கடையில் காசு கொடுத்தாலும் ஏழு வருடம் நிழலில் காய்ந்த மரம் கிடைக்காது. தாராளமாக உள்கதவுகளுக்குப் போடலாம். தச்சரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: மஞ்சள் ஓடிய நடுமர வைரத்தை எடுக்கட்டும், ஓரத்து வெளுத்த வெளிறைக் கழித்துவிடட்டும், வண்டு துளைப்பது அந்த வெளிறைத்தான். சிறு துளையும் மாவு போன்ற தூளும் தெரியும் பலகையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். இழைத்தபின் பெயிண்ட் அடித்து அந்த நிறத்தை மறைக்க வேண்டாம்; ஆளிவிதை எண்ணெய் போதும், வருடம் ஆக ஆகத் தேன் நிறத்துக்கு வரும். மழைக்காலத்தில் கதவு மாட்டினால் ஓரத்தில் கொஞ்சம் உப்பும். கடைசி இழைப்பைத் தை வெயிலுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கை இந்தச் சுற்றில் விட்டுவிடலாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். ஈரமான கூரையின் கீழ் அதை அடைத்தால் கசிவு எங்கே என்றே தெரியாமல் போகும். விளக்குக்கான குழாயை மட்டும் இப்போது விட்டுவைத்தால், அவர் ஊருக்கு வரும்போது இரண்டு வாரத்தில் செய்துகொள்ளலாம். ஆறு லட்சத்தில் எல்லாம் முடியாது, சகோதரி. கூரை, குழாய், பூச்சு, ஒரு குளியலறை, சமையலறை மேடை, தரை என்று இந்த வரிசையில் பணம் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்திக்கொண்டு குடிபோங்கள். ஐம்பதாயிரத்தைத் தொடாமல் தனியே வையுங்கள்.

கடைசியாக ஊஞ்சல். இதைத்தான் நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டும். கூரை போடும்போதே கொக்கி விட்டிருந்தால் கவலை இல்லை. விடவில்லை என்றால், மேலே ஓடு பதிக்கும் முன் கூரையில் துளையிட்டு, உத்தரத்தையோ சுவரையோ ஒட்டிய இடத்தில் தடித்த கம்பியை நுழைத்து, மேல்பக்கம் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டில் மரை போட்டு முடுக்கலாம். அதன் மேல் நீர்க்காப்புப் பூசி, பிறகு ஓடு. கூரைக்குள் மின்குழாய் ஓடும் இடத்தை எலக்ட்ரீஷியன் காட்டிய பிறகே துளையிட வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியையும் வெட்டக் கூடாது. மாட்டியதும் பலகையில் நான்கு சிமென்ட் மூட்டையை ஏற்றி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்கள், இருநூறு கிலோ. ஓடு பதித்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆகையால் ஊஞ்சல் கூடத்தில் எந்தப் பக்கம் பார்த்து ஆட வேண்டும் என்று இன்றைக்கே மாமியாரிடம் கேட்டு, தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.